சீட்டாட்டமும் சூதாட்டமும்: வெள்ளிமலைக்கு ஒரு முன்மொழிவு

பொங்கலை ஒட்டி ஊர்தோறும் சுவர்களில் காணும் விளையாட்டுப் போட்டி அறிவிப்புகளை நாம் ஊன்றி வாசிப்பதுண்டு. உறியடி, வழுக்குமரம், கயிறு இழுத்தல், கோலம், இசை நாற்காலி, கேரம், சதுரங்கம் என்று பட்டியல் நீளும். கள்ளக்குறிச்சியில் தொடங்கி, கச்சிராயபாளையம் கடந்து, மலையேறி வெள்ளிமலை சேரும்வரை எந்த அறிவிப்பிலும் சீட்டு இடம்பெற்று நாம் கண்டதில்லை. அதே பொங்கல் நாளில் அதே ஊரின் புளியந்தோப்பிலோ களத்துமேட்டிலோ ஒரு சீட்டுக்கட்டு கலைக்கப்படாமல் இருப்பதும் இல்லை. ஊர் முழுதும் அறிந்த ஆட்டம், ஊர் முன்னிலையில் ஆடத்தகாத ஆட்டமாக இருக்கிறது. இதை நாம் ஏன் இயல்பென ஏற்றுக்கொண்டோம்?

கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலையில், வெளிச்சத்தில், பந்தலுக்குக் கீழே, முறையாக ஒரு சீட்டுப் போட்டி நடத்தலாம், நடத்த வேண்டும். இதுவே நம் கருத்து. இப்படிச் சொன்னவுடன் எழக்கூடிய மறுப்பையும் நாம் அறிவோம். இந்த மாவட்டத்திலா, இப்போதா என்பார்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயர், 2024 ஜூனில் நாடெங்கும் அறியப்பட்டது நச்சுச் சாராயத்தால். 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த நாள்களில், காய்ச்சுவோர் சிலரின் பொருட்டு மலைமக்கள் அனைவர்மீதும் ஒரு பழிச்சொல் விழுந்தது. வள்ளுவரும் 'கள்ளுண்ணாமை'க்கு அடுத்த அதிகாரமாகத்தானே 'சூது' வைத்தார்? குடியும் சீட்டும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பவை அல்லவா?

மறுப்பு வலுவானது, ஒதுக்கிவிட முடியாதது. ஆனால் குறளின் அந்த அதிகாரத்தைப் பொறுமையாக மீண்டும் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அங்கே கண்டிக்கப்படுவது பொருளைப் பணயம் வைக்கும் செயலும், அந்தப் பழக்கம் விட்டு நீங்காமையும், அதனால் வரும் வறுமையும் இழிவுமே. காய் உருட்டும் திறனோ, கணக்கோ, நினைவாற்றலோ அன்று. தமிழில் சீட்டாட்டம், சூதாட்டம் என்னும் இரண்டு சொற்களும் பேச்சில் ஒன்றாகிப்போனதால், பொருளிலும் ஒன்றாகிவிட்டன. இரண்டையும் மீண்டும் பிரித்துக் காட்டும் வேலையை அகராதியால் செய்ய இயலாது. ஒரு நல்ல போட்டியால் இயலும்.

பாரதக் கதையின் சூதாட்ட அவையையே எடுத்துக்கொள்வோம். நம் மரபில் சூதுக்கு எதிரான மிகப் பெரிய சான்று அது. அங்கே பணயத்தை முன்வைத்தவன் துரியோதனன். காயை உருட்டியவன் சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையன்று என்று தருமனே தொடக்கத்தில் தடை சொல்கிறான். சொல்லிவிட்டு ஆடவும் உட்காருகிறான். ஓர் ஒழுங்கான போட்டியின் நடுவர் அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்தியிருப்பார். அந்த அவையில் பெரியோர் பலர் இருந்தனர். நடுவர் ஒருவரும் இல்லை. நளன் கதையோ இன்னும் சுவையானது. சூதில் நாடிழந்த நளன், இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்ற பிறகே மீள்கிறான். ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணாமலே கணக்கிட்டுச் சொல்லும் வித்தை அது. பழங்காலத்தில் தான்றிக் கொட்டைகளே சூதுக் காய்களாகவும் பயன்பட்டன. கடுக்காயும் தான்றியும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்குப் புதியவை அல்ல என்பதால், கல்வராயன் மலையில் இந்தக் கதையைச் சொல்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. 1963-இல் செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர்களைக் காவல்துறை பிடித்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1967-இல் முடிந்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ளவும், எதை வைத்து எதை விடுவதென்று தேரவும் திறன் வேண்டும். ஆதலால் ரம்மி முழுக்கவும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டமன்று. மூன்று சீட்டைப் போன்றதும் அன்று என்று நீதிமன்றம் சொன்னது. ஆட்டத்திலிருந்து மன்றம் ஆதாயம் எடுத்தால் கதை வேறு என்ற எச்சரிக்கையும் அதே தீர்ப்பில் உண்டு. பிற்காலத்தில் இணைய ரம்மி நிறுவனங்கள் தீர்ப்பின் முதற்பாதியைக் கொடியாக உயர்த்திப் பிடித்தன. பிற்பாதியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. தமிழ்நாட்டின் 2021 தடையை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022-இல் புதிய சட்டம். 2023 நவம்பரில் அதில் ரம்மிக்கும் போக்கருக்கும் உரிய பகுதி நீங்கியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்த இழுபறிக்கு இடையில் எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்கின என்பதைச் செய்தித்தாள் வாசிப்போர் அறிவர்.

இங்குதான் நம் கவலை தொடங்குகிறது. புளியந்தோப்பில் ஆடியவனை அவன் மனைவி தேடிவந்து இழுத்துப் போகவாவது முடிந்தது. கைப்பேசிக்குள் ஆடியவனைத் தேடிச் செல்ல ஒரு தோப்பும் இல்லை. தடை தேவைதான், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தடை மட்டும் ஒரு ஆட்டத்தை மக்கள் மனத்திலிருந்து நீக்கியதாக வரலாறு இல்லை. அது ஆட்டத்தை இன்னும் இருட்டான இடத்துக்கு அனுப்பும்; அவ்வளவே.

சதுரங்கத்தின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இங்கே நால்வர் கூடிப் பகடை உருட்டி ஆடும் ஒரு சதுரங்கத்தை விவரிக்கிறார். அந்தச் சதுரங்கம் பகடைக்குக் கட்டுப்பட்டது. இன்றைய சதுரங்கத்தில் பகடைக்கு இடமே இல்லை. எழுதப்பட்ட விதிகளும், கடிகாரமும், நடுவரும், ஆட்டப் பதிவும் இருக்கின்றன. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது பாலங்களுக்கெல்லாம் கட்டம் போட்ட வண்ணம் அடித்தோம். 2024 டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் ஆனபோது இனிப்பு வழங்கினோம். ஓர் ஆட்டத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி அதை நடத்தும் முறையிலிருந்து வருகிறது. சீட்டுக்கு நம் ஊரில் நடத்தும் முறை என ஒன்று அமையவே இல்லை.

தமிழர்கள் எங்குமே அமைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தாரின் 304 என்னும் ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நால்வர், எதிரெதிரே அமரும் இரண்டு ஜோடிகள், 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டு. ஒரு வகைக்கு 76 ஆக, நான்கு வகைக்கும் 304. சேவகனுக்கு முன்னால் ராஜா தலைகுனியும் இந்த ஆட்டத்தை ஒல்லாந்தர் காலத்தோடு இணைத்துப் பார்ப்பதுண்டு. 1658-இலிருந்து ஏறத்தாழ 140 ஆண்டுகள் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் அவர்கள். ஆடுதன், உருவித்தன், கலாவரை, இஸ்கோப்பன் என்று சீட்டு வகைகளுக்கு ஈழத்தில் வழங்கிய பெயர்களின் பின்னே ஹார்ட்டன், ரௌட்டன், கிளாவர், ஸ்கோப்பன் என்னும் ஒல்லாந்துச் சொற்கள் நிற்கின்றன. அதிகாரம் போய்விட்டது, சீட்டின் பெயர்கள் தங்கிவிட்டன. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள நண்பர்கள் இதைத் தனியே விரித்து எழுதலாம்.

டொராண்டோவிலும் இலண்டனிலும் வாழும் ஈழத்தமிழரின் பழைய மாணவர் சங்கங்கள், துடுப்பாட்டத்துக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் போட்டி வைப்பது போலவே 304-க்கும் போட்டி வைக்கின்றன. அப்பாவும் மகனும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஊரின் ஒரு திண்ணையைத் திருப்பித் தரும் வேலையை அந்தச் சீட்டு செய்கிறது. 304-இன் உறவினமான 28, 56 ஆகிய ஆட்டங்களுக்குக் கேரளத்தார் இதே மரியாதையைத் தருகிறார்கள். நம் கல்லூரி விடுதிகளில்கூட, அறுவர் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும் 'லிட்ரேச்சர்' என்றோர் ஆட்டம் உண்டு. யாரிடம் எந்தச் சீட்டு இருக்கிறது என்பதைக் கேள்விகளாலும் நினைவாற்றலாலும் கண்டறிவதே அதன் சாரம். இலக்கியம் என்ற பெயர் அதற்கு எப்படி வந்ததோ, அதைக் கற்பிக்கும் நமக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

சரி, போட்டியை எப்படி நடத்துவது? நம் ஊரில் இதை நினைப்பவர்கள் முதலில் ரம்மியைத்தான் எண்ணுவார்கள். நாம் அதற்கு உடன்பட மாட்டோம். ரம்மியில் ஒவ்வொருவரும் தனித்தனி. கட்டிலிருந்து உருவும் சீட்டின் வரிசை, முன்னால் ஆடியவர் எதை எடுத்தார் என்பதைப் பொறுத்து மாறிவிடும். ஒரே நிலைமையில் இரண்டு பேரை வைத்து ஒப்பிட வழியே இல்லை. நல்ல சீட்டு வந்தவர் வென்றார் என்ற முணுமுணுப்போடுதான் போட்டி முடியும். ஜோடி சேர்ந்து ஆடும் 28 இதற்கு ஏற்றது. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 28 புள்ளி. கணக்கு எளிது, சிந்தனைக்கு இடம் நிறைய. (28 மலையாளிகளின் ஆட்டம், கல்வராயன் மலையின் பழங்குடியினர் பெயரும் மலையாளி. பெயர்தான் ஒன்று, இவர்கள் மலையை ஆள்வோர் என்ற பொருளில் அப்படி அழைக்கப்படுவதாகச் சொல்வார்கள்.)

அதிர்ஷ்டத்தை ஆட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் வழியைப் பிரிட்ஜ் ஆட்டக்காரர்களிடமிருந்தும், அவர்களுக்கு முன்னோரான விஸ்ட் ஆட்டக்காரர்களிடமிருந்தும் நாம் கடன் பெறலாம். 1857-இல் இலண்டனில், 'கேவண்டிஷ்' என்ற புனைபெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ் முன்னின்று ஒரு சோதனை நடத்தினார். ஒரே சீட்டுப் பகிர்வை வெவ்வேறு ஆட்டக்காரர்களிடம் கொடுத்து ஆடவைத்தால் திறமை தெரியுமா? தெரிந்தது. அந்த எண்ணமே 'டூப்ளிகேட்' என்ற முறையாக வளர்ந்தது. ஒருமுறை பகிர்ந்த சீட்டு கலைக்கப்படுவதில்லை. ஆடுபவர் சீட்டை நடுவில் வீசாமல் தம் முன்னாலேயே வைப்பார். ஆட்டம் முடிந்ததும் நால்வரின் சீட்டும் நான்கு பைகள் கொண்ட ஒரு தட்டுக்குத் திரும்பும். தட்டு அடுத்த மேசைக்குப் போகும். உங்களுக்கு மோசமான சீட்டு வந்ததா? கவலையில்லை. அடுத்த மேசையில் உங்கள் திசையில் அமர்ந்தவருக்கும் அதே மோசமான சீட்டுத்தான் வரும். அதை வைத்து யார் குறைவாக இழந்தார் என்பதே கேள்வி. ஒரே பாடத்தை ஏழு வாசகர்களிடம் கொடுத்து யார் எப்படி வாசித்தார் என்று பார்ப்பதைப் போன்றது இது. இலக்கிய வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதை வெள்ளிமலைக்குக் கொண்டுவருவோம். ஏழு மேசைகள், 28 பேர், 14 ஜோடிகள். மேசைகூட வேண்டியதில்லை, பள்ளித் தாழ்வாரத்தில் ஏழு பாய் போதும். வடக்கு–தெற்கு ஜோடிகள் இருந்த இடத்தில் இருப்பார்கள். கிழக்கு–மேற்கு ஜோடிகள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு பாய் ஏறுவார்கள். சீட்டு உறைகள் எதிர்த்திசையில் ஒரு பாய் இறங்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் மிட்செல் என்ற அமெரிக்கர் வகுத்த நகர்வு இது. சுற்றுக்கு மூன்று பகிர்வு என ஏழு சுற்றில் 21 பகிர்வுகள். எல்லோரும் எல்லாவற்றையும் ஒருமுறை ஆடிவிடுவார்கள். ஏழு என்ற எண்ணை நாம் சும்மா சொல்லவில்லை. எட்டு மேசை போட்டுவிட்டால் நான்கு சுற்றுக்குப் பின், ஏற்கெனவே ஆடிய உறைகளே ஜோடிகளை எதிர்கொண்டு வந்து நிற்கும். அப்போது ஒரு பாயைத் தாண்டி அமரச் சொல்ல வேண்டும், அதில் குழப்பம் வரும். முதல்முறை நடத்துவோர் ஏழோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

28-க்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதில் முதலில் நான்கு சீட்டுகளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள். அதாவது, இத்தனை புள்ளி எடுப்போம் என்று முன்கூட்டிச் சொல்வார்கள். அதிகம் கேட்டவர் துருப்பை மறைத்து வைத்த பிறகே அடுத்த நான்கு சீட்டுகள் வரும். பிரிட்ஜ் தட்டில் அவ்வளவையும் ஒரே பையில் போட்டால் இது கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொருவர் உறைக்குள்ளும் முதல் நான்கு தனியாகவும், ரப்பர் வளையம் போட்ட பின் நான்கு தனியாகவும் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவற்றைப் பழையபடி பிரித்து வைப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு. எந்த நான்கு முதலில் வந்தது என்பது மறந்துபோகும். எனவே உறையின்மேல் எழுதி வைத்துவிட வேண்டும். இதில் ஒருவர் பிழைசெய்தால் பின்வரும் மேசைகள் அனைத்தும் வேறோர் ஆட்டத்தை ஆடும்.

மதிப்பெண் வழங்குவது எளிது. ஒவ்வொரு பகிர்விலும் உங்களைப்போலவே அமர்ந்த மற்ற ஆறு ஜோடிகளோடு உங்கள் முடிவை ஒப்பிட வேண்டும். ஒரு ஜோடியை முந்தினால் 2, சமமானால் 1. ஒரு பகிர்வுக்கு அதிகம் 12. 21 பகிர்வுக்கு 252. நூற்று இருபத்தாறுக்குமேல் எடுத்தவர் சராசரிக்கு மேலானவர். வடக்கு–தெற்குக்கு ஒரு வெற்றியாளர், கிழக்கு–மேற்குக்கு ஒரு வெற்றியாளர் என இருவர் வருவார்கள்.

பணம் பற்றி நாம் கடுமையாகவே இருக்க விரும்புகிறோம். நுழைவுக் கட்டணம் இல்லை. ரொக்கப் பரிசு இல்லை. வேடிக்கை பார்ப்போர் பக்கவாட்டில் பந்தயம் கட்டினால் அந்த மேசையின் ஆட்டம் நிற்கும். பரிசு புத்தகம். இதைக் கேட்டு உதட்டைச் சுழிப்பவர்கள் வராமல் இருப்பதே போட்டிக்கு நல்லது. இரவில் நடத்தக் கூடாது. காலை பத்துக்குத் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். பெண்கள் வந்து அமர்வதற்கு அதைவிடச் சிறந்த அழைப்பிதழ் இல்லை. விளக்கு வைத்த பிறகு நடக்கும் சீட்டாட்டத்துக்கு எந்த வீட்டுப் பெண்ணும் வரமாட்டார், வரவும் விடமாட்டார்கள். பெண்கள் அமராதவரை இந்த ஆட்டத்தின்மீதுள்ள கறையும் போகாது.

மோசடி நடக்காதா? நடக்கும். கூட்டாளிக்குச் சாடை காட்டுவது ஜோடி ஆட்டத்தின் பழைய நோய். மூக்கைச் சொறிந்தால் இஸ்பேட்டு, காதைத் தொட்டால் ஆட்டின் என்று நம் தோப்புகளில் இருக்கும் இலக்கணத்துக்கு உரையாசிரியர்களே தேவையில்லை. உலக அரங்கும் இதற்கு விலக்கன்று. 1965-இல் புவனோஸ் ஐரெஸில் நடந்த உலகப் பிரிட்ஜ் போட்டியில், சீட்டைப் பிடித்த விரல்களால் சாடை காட்டினார்கள் என்று இங்கிலாந்தின் ரீஸ், ஷாபிரோ இருவர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது. இங்கிலாந்தில் நடந்த விசாரணையோ குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. வழக்கு இன்றும் பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் கூடும் இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. 1975-இல் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைமீது குறுக்கே திரை வைத்தார்கள். அந்தப் போட்டியிலேயே இத்தாலியின் ஃபக்கினி, சுக்கெல்லி ஜோடி மேசைக்கு அடியில் காலால் காலைத் தொட்டுப் பேசியதாகச் சிக்கியது. பிறகு மேசைக்கு அடியிலும் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. பாயில் சப்பணமிட்டு அமர்ந்து ஆடும் வெள்ளிமலையில் அந்தச் செலவு நமக்கு இல்லை.

ஆனால் டூப்ளிகேட் முறைக்கு உள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. ஒரே சீட்டை ஏழு ஜோடி ஆடியிருக்கும்போது, ஒரு ஜோடி மட்டும் காரணமே இன்றித் துணிந்து கேட்டு, ஒவ்வொரு முறையும் அது பலிக்கிறது என்றால், முடிவுத் தாளே பேசிவிடும். புளியந்தோப்பில் அத்தகைய தாள் எதுவும் கிடையாது. அதனால்தான் அங்கே சந்தேகம் வாய்ச்சண்டையாகி, வாய்ச்சண்டை கைகலப்பாகிறது. நடுவர் ஒருவர், அவர் தீர்ப்பை ஏற்காதவர் முறையிட மூவர், சுவரில் ஒட்டிய விதித்தாள். இவை இருந்தாலே ஆட்டக்காரர்களின் குரல் தாழ்ந்துவிடும் என்று நம்புகிறோம்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பிரிட்ஜ் சேர்க்கப்பட்டபோது, ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. சீட்டாடிக் கெட்டுப்போகாதே என்று பிள்ளைகளைக் கண்டிக்கும் தேசம் ஒருநாள் மட்டும் கைதட்டிவிட்டு மறந்துபோனது. தமிழ்நாட்டிலும் பிரிட்ஜுக்குச் சங்கம் உண்டு. ஆனால் ஆட்டம் பெரும்பாலும் நகரத்து மன்றங்களின் குளிரூட்டிய அறைகளில் இருக்கிறது. அங்கே சீட்டுக்கட்டு பிடித்தால் அது அறிவு விளையாட்டு. மலையில் பிடித்தால் ஆவலாதி. திறன் இரண்டிடத்தும் ஒன்றுதான். எந்தச் சீட்டு விழுந்தது, எது யாரிடம் மிஞ்சியிருக்கிறது என்று எழுத்தறியாத முதியவர் ஒருவர் மனத்துக்குள் கணக்கிடுவதைக் கண்டவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 21 சீட்டுக்கட்டுகள், 84 காகித உறைகள், ரப்பர் வளையங்கள், ஒரு மணி, எல்லோருக்கும் மதியச் சோறு. கட்டுக்கு 32 சீட்டுப் போக இரண்டு முதல் ஆறுவரை இருபது சீட்டு மிஞ்சும். 21 கட்டுக்கு 420. இந்த எண்ணைக் கண்டு நண்பர்கள் சிரிக்க வேண்டாம். 2024 ஜூலையிலிருந்து மோசடிக்குரிய சட்டப் பிரிவின் எண்ணும் மாறிவிட்டது. அந்த 420 சீட்டுகளையும் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டும் மூன்றும் கூட்டிப் பழக அவை போதும்.